ஏறுமுன் எண்ணுங்கள்
களப்பும் குளமும் கடக்கும் குடும்பங்களுக்கு ஒரு பாடம்

தண்ணீர் விவசாயிக்குப் புதிதல்ல. துருசை எத்தனை அங்குலம் திறந்தால் கடைசி வயலுக்கு எப்போது தண்ணீர் போய்ச் சேரும் என்று அவர் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். குளம் வான் பாயும் அறிகுறி, வரம்பு உடையும் அறிகுறி எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் இந்த அறிவெல்லாம் கரையில் நின்று தண்ணீரை ஆளுகிற அறிவு. தண்ணீரின் மேலே ஏறிப் போவது வேறொரு தொழில். கடற்றொழிலாளி அதைத் தகப்பனிடம் சிறு வயதிலேயே கற்றுக்கொள்கிறார். இடம்பெயர்ந்து களப்போரத்தில் குடியேறிய உழவர் குடும்பத்துக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை.

எமது பகுதிகளில் இக்குடும்பங்கள் ஏதோ ஒரு தேவைக்காகத் தண்ணீரைக் கடக்கவே வேண்டியிருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் ஒரு கரையில் வீடும், எதிரே படுவான்கரையில் வயலுமாக இருப்போர் பலர். மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டது. பாலம் வராத துறைகளில் பாதையும் தோணியும்தான் வழி. பூநகரிப் பகுதியில் இரணைமாதா நகரில் நீண்ட காலம் தங்கியிருந்த இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரலில் தாமாகவே படகேறித் தம் தீவுக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்குத் தென்னையும் மாடும் உண்டு. அவற்றைப் பார்க்கப் போவதும் படகில்தான். வன்னிக் குளங்களில் லொறி ரியூபிலும் றெஜிபோம் துண்டிலும் மிதந்து வலை போடுகிற இளைஞர்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்பாடம் அவர்களுக்காகவே எழுதப்படுகிறது. படகோட்டுபவருக்கு மட்டுமல்ல, படகில் ஏறி உட்காருகிறவருக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒரு விபத்து நடுக்களப்பில் நடந்தாலும் அதன் காரணம் பெரும்பாலும் கரையில், கயிறு அவிழ்க்கும் முன்பே உண்டாகிவிடுகிறது. அந்த நேரத்தில் கரையில் நிற்பவர்கள் நாம்தான்.

கிளாலியில் பழகிய பழக்கம்

ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபின், 1990களின் முதற் பாதியில், யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் கிளாலிக் கடல்நீரேரியைச் சிறு படகுகளில் கடந்தார்கள். இரவில், விளக்கில்லாமல், சுடுபடுவோமோ என்ற பயத்தோடு போனார்கள். அப்போது எண்ணி ஏற்றவும், அளந்து பாரம் வைக்கவும் நேரமில்லை. யார் முதலில் ஏறினாரோ அவர் தப்பினார். அந்தப் பயணங்களை யாரும் குறை சொல்ல முடியாது. வேறு வழி இருக்கவில்லை.

ஆனால் அந்தக் காலம் எமக்குச் சில பழக்கங்களை விட்டுச் சென்றிருக்கிறது. இடம் இருக்கும்வரை ஏறுவது, இருட்டில் விளக்கில்லாமல் போவது, ஓட்டியிடம் கேள்வி கேட்காமல் இருப்பது, போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைப்பது ஆகியவையே அவை. போர் 2009இல் முடிந்தது. பழக்கம் முடியவில்லை. இன்று வயலுக்குப் போகும் படகில் மூன்று பேர் குறைத்து ஏற்றினால் இழப்பது அரை மணி நேரம் மட்டுமே. உயிருக்கு ஓடிய நாளின் கணக்கை உரப்பை ஏற்றும் நாளுக்குப் பயன்படுத்தத் தேவையில்லை.

2021 நவம்பர் 23ஆம் திகதி காலை கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணியில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில் தற்காலிகமாக விடப்பட்டிருந்த பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவர்கள் உட்படக் குறைந்தது ஆறு பேர் இறந்தார்கள். இந்தப் பாதைக்கு யார் அனுமதி கொடுத்தது என்ற கேள்வி நாடெங்கும் கேட்கப்பட்டது, ஆனால் பிள்ளைகள் இறந்த பிறகே. அதற்கு முந்திய நாள் அதில் ஏறிய எவராவது அக்கேள்வியைக் கேட்டிருக்கலாம். கேட்கும் வழக்கம் எமக்குள் இல்லை.

எத்தனை பேர் ஏறலாம்?

“இடம் இருக்குத்தானே, ஏறுங்கோ” என்பது துறைகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை. இடம் இருப்பதும் தாங்குவதும் ஒன்றல்ல. வண்டிலில் பாரம் கூடினால் மாடு நிற்கும், அச்சு முறியும். அதாவது வண்டில் முன்கூட்டியே முறையிடும். படகு முறையிடாது. பாரம் கூடக் கூட அமைதியாகத் தாழ்ந்துகொண்டே போகும். காற்றில்லாத கரையில் அது ஆபத்தாகத் தெரியாது. நடுவில் ஒரு அலையோ, ஒருவர் எழுந்து நிற்பதோ போதும்.

20 அடிக்குக் குறைந்த சிறு படகுகளுக்கு ஐக்கிய அமெரிக்காவின் கரையோரக் காவல்படை ஒரு எளிய கணக்குச் சொல்கிறது. படகின் நீளத்தை அடியில் அளந்து, அகலத்தை அடியில் அளந்து, இரண்டையும் பெருக்கி 15ஆல் வகுக்க வேண்டும். வருவது ஆட்களின் எண்ணிக்கை. 18 அடி நீளமும் 5 அடி அகலமுமான பைபர் படகுக்கு 18 தரம் 5 என்றால் 90; 15ஆல் வகுத்தால் 6. ஓட்டியும் இந்த ஆறில் ஒருவரே. 15 அடி நீளமும் இரண்டரை அடி அகலமுமான ஒடுங்கிய வள்ளத்துக்கு இதே கணக்குச் செய்தால் இரண்டரை வரும். அரை ஆள் கிடையாது, ஆகவே இரண்டு பேர்.

இது அமைதியான தண்ணீரில், ஆட்கள் மட்டும் போகும்போது உள்ள மேலெல்லை. எமது வள்ளங்கள் இன்னும் ஒடுக்கமானவை; காற்றடிக்கும் நாளில் இதிலும் குறைக்க வேண்டும். பொருளும் ஆள் கணக்கில் சேரும். அந்தக் கணக்கில் ஒரு ஆளின் நிறை சுமார் 68 கிலோ. ஒரு யூரியாப் பை 50 கிலோ. நெல் மூடை 65 கிலோ என்று வைத்துக்கொண்டால் அது ஏறக்குறைய ஒரு ஆள். எனவே ஆறு பேர் போகும் படகில் நான்கு நெல் மூடை ஏற்றினால் ஓட்டியும் இன்னொருவரும் மட்டுமே போகலாம். மூடையின் மேல் உட்கார்ந்து போவது இரண்டு மடங்கு பிழை. பாரமும் கூடுகிறது, உயரமும் கூடுகிறது. பாரம் உயரத்தில் இருந்தால் படகு எளிதில் புரளும். லான்ட்மாஸ்ரரை முழுதாகப் படகில் நிறுத்திக் கொண்டுபோவதை இக்காரணத்தாலேயே கைவிட வேண்டும். கழற்றக்கூடியதைக் கழற்றி, பாரமான பகுதியைப் படகின் அடியில் நடுவாக வைத்து, ஆட்கள் இல்லாத தனி நடையில் கொண்டுபோங்கள். மூடைகள் நனைந்தால் நிறை கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அளக்க நேரமில்லாத இடத்தில் கண்ணளவு ஒன்று உண்டு. எல்லோரும் ஏறி அமர்ந்தபின் படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் எவ்வளவு இருக்கிறதென்று பாருங்கள். ஒரு சாண் அளவுதான் எஞ்சியிருக்கிறதென்றால் யாராவது இறங்க வேண்டும். யார் இறங்குவது என்று தகராறு வராமல் இருக்க, கடைசியாக ஏறியவர் முதலில் இறங்குவார் என்ற ஒழுங்கை ஊர் கூடி முன்பே தீர்மானித்து வைப்பது நல்லது.

பாதைக்கு இந்தப் பெருக்கல் கணக்குப் பொருந்தாது. அது பலகைத் தட்டு. மிதவைகளின் மேல் நிற்கிறது. அதற்கு எண்ணிக்கையிலும் பார்க்க ஆபத்தானது கூட்டம் ஒரு பக்கம் சாய்வது. கரை நெருங்கும்போது இறங்குவதற்காக எல்லோரும் முன்பக்கம் போய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் சேர்ந்தே நகரும். கயிறு கட்டி முடியும்வரை இருந்த இடத்தில் இருப்பது என்ற ஒரே ஒழுங்கைக் கடைப்பிடித்தாலே பாதி ஆபத்துக் குறையும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இதைப் பழக்குவது ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் உரிய வேலை.

அங்கி

தண்ணீரில் விழுந்த ஒருவரின் தலையை மேலே வைத்திருக்கப் பெரிய மிதப்பு வேண்டியதில்லை. வளர்ந்த ஒருவருக்கு ஏறக்குறைய 5 கிலோ தாங்கும் மிதப்பே போதும், ஏனென்றால் எமது உடலின் பெரும் பகுதியைத் தண்ணீரே தாங்கிவிடுகிறது. நீந்தத் தெரியாதவர் இறப்பது இந்த ஐந்து கிலோ இல்லாததால்தான். நீந்தத் தெரிந்தவரும் விதிவிலக்கல்ல. தலையில் அடிபட்டால், சாரமோ சேலையோ காலில் சுற்றினால், தாமரைக்கொடியில் மாட்டினால் நீச்சல் உதவாது.

உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தால்தான் பயன்படும். படகின் மூலையில் மூடைக்கடியில் கிடக்கும் அங்கியைக் கவிழ்ந்தபின் எடுத்து அணிந்தவரை நாம் அறியோம். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் படகுகளில் அங்கி கொடுப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். சிலர் அதைத் தலையணையாகவும் இருக்கையாகவும் பாவிப்பதையும் கண்டிருப்பீர்கள்! பட்டி எல்லாவற்றையும் இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டியபின் தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதுக்கு மேலே வந்தால் அது தளர்ந்திருக்கிறது. பெரியவரின் அங்கியைப் பிள்ளைக்குப் போட்டால் பிள்ளை அதிலிருந்து வழுகிக் கீழே போய்விடும். பிள்ளையின் நிறைக்கேற்ற அங்கி, கால்களுக்கிடையே பட்டி உள்ளதாக வேண்டும்.

அங்கி வாங்க இயலாத குடும்பங்கள் உண்டு. சங்கத்தின் மூலம் பத்து அங்கியை ஒன்றாக வாங்கித் துறையிலேயே வைத்து, ஏறுபவர் எடுத்து இறங்குபவர் கொடுக்கும் ஒழுங்கைச் செய்யலாம். அதுவரை கையில் உள்ளதைக் கொண்டு ஒரு ஏற்பாடு செய்யலாம். மூடி இறுக்கிய வெறும் 5 லீற்றர்ப் பிளாஸ்ரிக் கான் ஒன்று ஏறக்குறைய 5 கிலோ தாங்கும். இரண்டு கானைப் பலமான துணியால் இணைத்து நெஞ்சின் இரு பக்கமும் வரும்படி கட்டிக்கொள்ளலாம். முதுகில் கட்டினால் முகம் தண்ணீருக்குள் கவிழும், ஆகவே கவனம். இது அங்கிக்கு ஈடாகாது. வெறுங்கையிலும் பார்க்க மேல், அவ்வளவே. பூச்சிமருந்து இருந்த கானை எக்காரணம் கொண்டும் எடுக்க வேண்டாம்.

தாய்மார் சிலர் கைக்குழந்தையைச் சேலைத் தலைப்பால் தம் உடலோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் படகு கவிழ்ந்தால் இருவரும் ஒருவரையொருவர் கீழே இழுப்பார்கள். பிள்ளையைக் கையில் வைத்திருங்கள். உடலோடும் கட்ட வேண்டாம், படகோடும் கட்ட வேண்டாம்.

தண்ணீரில் வலப்பக்கம்

எமது வீதியில் வாகனங்கள் இடப்பக்கமாகப் போகின்றன. உழவு இயந்திரம் ஓட்டிப் பழகியவர் படகு ஓட்டும்போது எதிரே இன்னொரு படகு வந்தால் கை தானாகவே இடப்பக்கம் திருப்பும். தண்ணீரில் இது தலைகீழ். 1972ஆம் ஆண்டு உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட கடற்போக்குவரத்து விதிகளின்படி இரண்டு இயந்திரப் படகுகள் நேருக்கு நேர் வந்தால் இரண்டுமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஒருவர் வலமும் மற்றவர் இடமும் திருப்பினால் மோதல்தான். குறுக்காக ஒரு படகு வந்தால், உங்களுக்கு வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு நீங்கள் வழிவிட வேண்டும். முந்திப் போகிறவர் முன்னால் போகிறவரிடமிருந்து விலகிப் போக வேண்டும். இயந்திரப் படகு பாய்த்தோணிக்கும், வலை போட்டுத் தொழில் செய்யும் படகுக்கும் வழிவிட வேண்டும். மரக்கோல் ஊன்றிப் போகிற வள்ளத்தால் விரைவில் விலக முடியாது என்பதையும் இயந்திரக்காரர் நினைத்து வேகத்தைக் குறைப்பது முறை.

இருட்டில் விளக்கு வேண்டும். இயந்திரமில்லாத வள்ளத்தில் குறைந்தது ஒரு நல்ல ரோச் லைற் கையில் இருக்க வேண்டும்; இன்னொரு படகின் சத்தம் கேட்டவுடன் அதை ஒளிரவிட வேண்டும். பெரிய படகுகளில் இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் எரியும். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் அது நேரே உங்களை நோக்கி வருகிறது.

காற்றும் நேரமும்

இதில் உழவருக்குச் சொல்லிக்கொடுக்க அதிகமில்லை. கச்சானையும் வாடையையும் கொண்டலையும் அறிந்தவர்கள் நீங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மார்ச், ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெயிலாக இருந்து பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டும். அம்மாதங்களில் கடக்க வேண்டியதைக் காலையில் கடந்துவிட வேண்டும். திறந்த தண்ணீரில் உயர்ந்து நிற்பது உங்கள் தலைதான். மின்னலுக்கு அது தெரியும். ஒக்டோபர், நவம்பர் பெரும்போக விதைப்புக் காலம், இன்றைக்குப் போகாவிட்டால் ஈரம் போய்விடும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருக்கும். அந்த அவசரமும் இடிமழையும் ஒரே மாதத்தில் வருவது எமது தலைவிதி.

குளத்தில் வேறு இரண்டு ஆபத்துகள் உள்ளன. துருசு திறந்திருக்கும்போது அதன் வாயருகே தண்ணீர் மேலே அசையாததுபோல் தெரியும், கீழே இழுக்கும். வான் பாயும்போது வான்கட்டை நோக்கித் தண்ணீர் இழுக்கும். வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் நாளில் ரியூபில் போகிற பிள்ளைகளுக்கு அந்தச் செய்தியைச் சொல்லவேண்டியவர் துருசு திறக்கிறவர்தான்.

இயந்திரமும் நீர் ஸ்கூட்டரும்

வெளியிணைப்பு இயந்திரத்தில் ஒரு சிவப்பு நிறக் கயிறு தொங்குவதைக் காணலாம். சுருள் கம்பிபோல் இருக்கும். ஒரு நுனி இயந்திரத்தின் நிறுத்தியில் கொளுவப்பட்டிருக்கும். மறு நுனி ஓட்டியின் கைமணிக்கட்டிலோ அங்கியிலோ கொளுவ வேண்டும். ஓட்டி தண்ணீரில் விழுந்தால் கயிறு இழுபட்டு இயந்திரம் நின்றுவிடும். கொளுவாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமிட்டு, விழுந்தவர் மீதே திரும்பி வரும். சுழல்விசிறி அவரை வெட்டும். எமது துறைகளில் இக்கயிற்றை நிறுத்தியில் நிரந்தரமாகக் கட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். செலவில்லாத பாதுகாப்பு ஒன்றை நாமே பயனற்றதாக்குகிறோம்.

பாசிக்குடா, நிலாவெளி, கற்பிட்டி போன்ற சுற்றுலாக் கரைகளில் வேலைக்குப் போகும் எமது இளைஞர்கள் நீர் ஸ்கூட்டரையும் கையாள நேரிடும். ஜெட் ஸ்கை என்று சொல்வார்கள். மோட்டார் சைக்கிள் போல் ஏறி உட்காருவதால் மோட்டார் சைக்கிள் போலவே ஓடும் என்று நினைப்பதுதான் விபத்துக்குக் காரணம். அதற்கு வெளியே விசிறி இல்லை, பிறேக்கும் பெரும்பாலும் இல்லை. அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சி அடிக்கிறது. அந்தப் பீச்சலைத் திருப்பியே வண்டி திரும்புகிறது. பயந்துபோய்ப் பிடியை விட்டால் பீச்சல் நிற்கும். பீச்சல் நின்றால் கைபிடியை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேரேதான் போகும். முன்னால் நீந்துபவர் இருந்தால் அவர் மேலேயே போகும். ஆகவே திரும்பும்போது சிறிதளவாவது விசை கொடுத்தபடியே திருப்ப வேண்டும், அதற்கு முன்னால் போதிய தூரம் விட்டு ஓட்ட வேண்டும். நிறுத்தும் கயிறு இதிலும் கையில் கொளுவியிருக்க வேண்டும். இரண்டு, மூன்று அடி ஆழமுள்ள இடத்தில் இயக்கினால் மணலையும் கல்லையும் உறிஞ்சும். பாசியோ வலையோ சிக்கினால் இயந்திரத்தை நிறுத்தாமல் கை வைக்கக் கூடாது. பின்னால் இருப்பவர் பீச்சலுக்கு நேரே விழுந்தால் உட்காயம் பலமாக ஏற்படும். வேறு நாடுகளில் இதற்கென்று வயதெல்லை உண்டு, அங்கி கட்டாயம், இரவில் ஓட்டத் தடை. சம்பளம் கொடுப்பவர் கேட்காவிட்டாலும் இவற்றை இளைஞர்கள் தாமே கடைப்பிடிப்பது அவர்களுக்கே நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

மீன்பிடிக்கும் படகு, 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின்படி கடற்றொழில் நீரியல் வளங்கள் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். இயந்திரம் பூட்டாத வள்ளமும் இதில் அடங்கும். பதிவு இலக்கத்தைப் படகில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பம் படகு வாங்கும்போது விற்பவரிடமிருந்து பதிவுப் புத்தகத்தையும் கேட்டு வாங்கி, கடற்றொழில் பரிசோதகரிடம் பெயர் மாற்றம் செய்துகொள்ள வேண்டும். புயலிலோ வெள்ளத்திலோ படகு போனால் நட்டஈடு கேட்கும்போது முதலில் கேட்கப்படுவது அந்த இலக்கம்தான். வாய்ப்பேச்சில் வாங்கிய படகுக்கு ஒன்றும் கிடைக்காது.

மீன்பிடிப்பதற்கான பதிவு, காசுக்கு ஆட்களை ஏற்றுவதற்கு அனுமதியாகாது. இதைப் பல படகுக்காரர் அறியாமலே செய்கிறார்கள். கூலிக்கு ஏற்ற விரும்புகிறவர் பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் முதலில் விசாரித்து எழுத்தில் பதில் பெற வேண்டும்.

எல்லாவற்றிலும் பழையதொரு சட்டம் இருக்கிறது. 1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின்படி, உயிருக்கு ஆபத்தான நிலையில் உள்ள அல்லது அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய கலத்தில் தெரிந்துகொண்டோ கவனயீனமாகவோ கூலிக்கு ஆளை ஏற்றிச் செல்வது குற்றம். யாராவது இறந்தால்தான் குற்றம் என்பதில்லை. ஏற்றிச் சென்றதே குற்றம். ஆகவே “அண்ணை, ஆறு பேருக்கு மேல ஏத்தாதேங்கோ” என்று ஒரு பெண் துறையில் சொன்னால் அவர் ஓட்டியின் பிழைப்பைக் கெடுக்கவில்லை. அவரைச் சிறையிலிருந்து காப்பாற்றுகிறார். பல தடவை சொல்லியும் கேட்காவிட்டால் கிராம அலுவலரிடமும் பொலிசிலும் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். தனியாகச் சொல்லத் தயங்குகிறவர்கள் மாதர் சங்கம் மூலமாகச் சொல்லலாம். ஊருக்குள் பகை வரும் என்ற பயம் உண்மையானதே. அதனால்தான் ஒருவர் சொல்வதிலும் பார்க்கச் சங்கம் சொல்வது நல்லது.

கவிழ்ந்துவிட்டால்

படகை விட்டு நீந்திப் போகாதீர்கள். மரப்படகு தண்ணீர் நிறைந்தாலும் மிதக்கும். மிதப்பு அறை உள்ள பைபர் படகும் மிதக்கும். கவிழ்ந்த படகின் இரு பக்கமும் சமமாகப் பிடித்துக்கொண்டால் தேடி வருகிறவர் கண்ணுக்கும் எளிதில் தெரியும். கரை கிட்டத் தெரிவது ஏமாற்று. தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்கும்போது தூரத்தைச் சரியாக மதிக்க முடியாது. முதலில் ஆட்களை எண்ணுங்கள். ஏறும்போது எண்ணியிருந்தால்தான் இப்போது யார் இல்லை என்று தெரியும்.

மூழ்குகிறவரைக் காப்பாற்ற வெறுங்கையோடு பாய்வதால் ஒரு மரணம் இரண்டாகிறது. மரக்கோலை நீட்டுங்கள். எட்டாவிட்டால் கயிறு கட்டிய கானை எறியுங்கள். சேலையை எறிந்தும் இழுக்கலாம்.

வெளியே எடுத்தவருக்கு மூச்சில்லாவிட்டால் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். வயிற்றிலுள்ளது மேலேறி மூச்சுக்குழாயை அடைக்கும். மல்லாக்கக் கிடத்தி, நாடியை மெல்ல உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை மூச்சுக் கொடுங்கள். பின் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து ஆறு சென்ரிமீற்றர் தாழும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்ற வேகத்தில் 30 முறை அமுக்கி, இரண்டு மூச்சு. மீண்டும் 30 அமுக்கல், இரண்டு மூச்சு. சிறு பிள்ளைக்கு ஒரு கை போதும், அமுக்கமும் குறைவாக. இதற்கிடையில் இன்னொருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அம்புலன்சை அழைக்க வேண்டும். மூச்சு வந்து எழுந்து பேசினாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலில் புகுந்த தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் கெடுதி செய்யும்.

கூடிப் பேசுவதற்கு

அடுத்த கிராமக் கூட்டத்தில் இப்பாடத்தை ஒருவர் வாசித்து, துறைக்கே போய் இவற்றைப் பேசலாம். எமது துறையிலுள்ள ஒவ்வொரு படகின் நீளமும் அகலமும் என்ன, எத்தனை பேர் என்ற இலக்கத்தைப் படகிலேயே தீந்தையால் எழுத உரிமையாளர் சம்மதிப்பாரா? பாடசாலைப் பிள்ளைகள் கடக்கும் நேரத்தில் கரையில் நின்று எண்ணுவது யார், அவர் வராத நாளில் யார்? அறுவடைக் காலத்தில் நெல்லுக்கும் ஆட்களுக்கும் தனித்தனி நடை விட்டால் கூடுதலாகும் மண்ணெண்ணெய்க்கு யார் காசு கொடுப்பது? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் வழக்கமாகக் கூட்டம் கலையும். அதை முதலிலேயே எடுத்துப் பேசுங்கள்.